ஜன்னல் வழியாகப் போன போட்டோ

பெரிய பேத்தி பேங்க் பரீட்சையில் பாஸ். சின்னவள் நர்சிங்கில் முதல் மார்க். பேரன் பாபுவுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வெயில் இறங்கியதும் இரண்டு பக்க ஜன்னலையும் திறந்துவிடுவேன். கடல் காற்று வந்து வீட்டுச் சூட்டை வெளியே தள்ளிவிடும். இன்று சூட்டோடு சேர்த்து அலமாரி மேலிருந்த ஒரு போட்டோவையும் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா பூவும் பழமுமாகத் தட்டோடு வந்து நின்றார். கையில் அந்தப் போட்டோ.

“இன்னாம்மா, பொண்ணு போட்டோவ நேரா குடுக்கக் கூடாதா? எங்க வாசல்ல வுழுந்து கீது. என் புள்ளைக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சி!”

“அய்யோ, அது பொண்ணு இல்ல கண்ணு. என் பேரன் பாபு. காலேஜ் நாடகத்துல பொம்பள வேஷம் கட்டி பர்ஸ்ட் பிரைஸ் வாங்கினான்.”

“பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. அதுக்குன்னு இப்டியா புளுகுவ?”

தட்டோடு திரும்பிப் போய், எங்கள் வீட்டைப் பார்த்த தன் ஜன்னலையெல்லாம் படார் படார் என்று சாத்திவிட்டார். இந்தப் புழுக்கத்தில் அந்த மாப்பிள்ளைப் பையன் உள்ளே வேகிறான்.

தெரிந்தவர்கள் எல்லாம் பாபு ஆண்பிள்ளைதான் என்று இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள், அந்த அம்மாவிடம் காட்ட வேண்டும்.

பாபு கண்ணு, மீசை நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு புதுப் போட்டோ சீக்கிரம் போடுடா.