மெய்மறந்து

கோலா கிளாவாங் சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, கால் நீட்ட ரப்பர்த் தோட்டத்துக்குள் நடக்கிறேன். நேற்றைய மழை ஈரம் தரையில் இன்னும் காயவில்லை. ஒரு பெண் உளியால் பட்டையைச் சீவிப் பால்மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய கெண்டைக்காலில் ரத்தம் வழிகிறது. பாம்பு கடித்துவிட்டதோ?

"அக்கா, காலு!" என்று இரண்டு முறை கத்துகிறேன். அவர் திரும்பவில்லை. உளி பட்டையைச் சுருளாகச் சீவி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டத் தொடங்கிய பிறகுதான் குனிந்து பார்க்கிறார்.

"அட்டைதான் லா, அண்ணே. ரத்தம் குடிச்சிட்டு விழுந்திருச்சு. பயந்துட்டீங்களா?"

"கடிச்சது தெரியலையா?"

"மரத்தப் பாக்கையில கால யாரு பாக்குறா? உளி கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம்."

கச்சேரிக்குப் போய்வந்து 'மெய்மறந்து கேட்டேன்' என்று எத்தனை முறை கூசாமல் எழுதியிருக்கிறேன்! அங்கே நான் கைக்கடிகாரத்தைக்கூட மறந்ததில்லை. மெய் என்றால் உடம்பு. அதை மறந்த ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன்.

அடுத்த மரத்தில் உளி இறங்குகிறது. அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சீவி முடித்து நிமிர்ந்தவர் சிரிக்கிறார்.

"அண்ணே, ஒங்க காலு!"