கூம்புக்குள் சந்தன வாசனை

மில்களுக்குப் பேரிங் ஊற்றுவதுதான் என் வேலை. அதற்கு உருக்கி ஊற்றும் பாபிட் என்ற ஈயக் கலவையை இங்கே ஒயிட் மெட்டல் என்போம். பேரிங்குக்கு ஊற்றும் அதே மெட்டலை லிஃப்ட் கயிற்றின் முனைக்கும் ஊற்றுவேன். இரும்புக் கயிற்றின் நுனியைத் துடைப்பம்போல் விரித்து, பிசுக்குப் போகக் கழுவி, கூம்பு வடிவ சாக்கெட்டுக்குள் இறக்கி, உருக்கிய மெட்டலை ஊற்றினால் கம்பிகளை அது கவ்விக்கொள்ளும். கவ்வாவிட்டால் வெளியே தெரியாது. அதுதான் இதில் பயம்.

பாகூர் பக்கம் ஒரு அரிசி மில்லில் மூட்டை லிஃப்டுக்கு அப்படி ஊற்றினேன். ஊற்றும்போது கூம்பிலிருந்து சந்தன வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை, ஆபீஸில் ஊதுபத்தி ஏற்றியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ஆபரேட்டர் அந்தோணி போன் செய்தார்.

"இன்னாபா ஊத்தின? கயிறு முனகுதுபா. வந்து பாரு."

நான் போனபோது சாப்பாட்டு நேரம், மில் நின்றிருந்தது. ஏணியில் ஏறினேன். கயிறு சாக்கெட்டுக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டுவைப்பது என் பழக்கம். முதல் சுமைக்குக் கயிறு மயிரிழை நகரும், அது சகஜம். இங்கே கோடு அரை விரல் விலகியிருந்தது. கீழே காலிக் கூண்டு அந்தரத்தில் தொங்கியது, யாரும் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு இன்னும் கொஞ்சம் விலகியது. கூம்புக்குள்ளிருந்து யாரோ பல்லைக் கடிப்பதுபோல் சத்தம்.

குனிந்து பார்த்தால் கூண்டுக்கு நேர் அடியில் செல்வி, மூட்டை தள்ளுகிறவள், சிந்திய அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"செல்வி, வெளிய வா."

"இருணா, இன்னும் கொஞ்சந்தான்."

"போட்டுட்டு வாடி" என்று அந்தோணி கத்தினார். வந்துவிட்டாள். கூண்டுக்கு முட்டுக் கொடுத்து, கயிற்றை அறுத்து, கூம்பைத் தட்டி எடுத்தோம். குறுக்கே அறுத்ததும் மறுபடி சந்தன வாசனை. ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் கறுப்பாக ஒரு வளையம். ஒரு கம்பியைக் குறடால் பிடித்தேன், ஊதுபத்தியை அதன் ஸ்டாண்டிலிருந்து எடுப்பதுபோல் சும்மா வந்தது.

"எவன் இதுல கைய வெச்சது?" என்றேன்.

"நாந்தாணா," என்றாள் செல்வி. "நீ டீக்குப் போனப்ப சந்தனம் கரைச்சி கம்பி கம்பியா தடவினேன். புதுக் கயிறு, வெள்ளிக்கிழமை. கீழ நிக்கிறது நாந்தானே."

கழுவிய கம்பியை விட்டுவிட்டு டீக்குப் போனது நான். திரும்பி வந்ததும் உள்ளே எட்டிப் பார்க்காமல் சாக்கெட்டைச் சூடாக்கியதும் நான். வாசனை வந்தும் கையை நிறுத்தவில்லை.

மறுபடி ஊற்றினேன். ஆறியதும் சாக்கெட்டின் வெளிப்பக்கத்தைக் காட்டி, "சந்தனத்த இங்க வைம்மா" என்றேன். வைத்தாள்.

இப்போது எங்கே போனாலும் ஊற்றுவதற்கு முன் கீழே நிற்பது யார் என்று கேட்கிறேன். அவர் வந்து உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் மெட்டலை ஊற்றுவேன்.