துண்டு இல்லாத வியாபாரி

முந்திரி வியாபாரத்தில் கொட்டையை உடைப்பதுதான் கஷ்டம் என்று நினைப்பவர்கள், அந்தக் கொட்டையை விற்கிறவர்களோடு ஒருநாளும் பேசிப் பார்க்காதவர்கள். கொட்டையாவது ஓங்கி ஒரு தட்டு தட்டினால் வாயைத் திறக்கும். கடை வைத்திருக்கும், பட்டறை நடத்தும், சந்தைக்குப் போய்ச் சரக்கெடுக்கும் என் சகோதரிகளே, “வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையா?” என்ற கேள்வி உங்கள் காதிலும் எத்தனையோ தரம் விழுந்திருக்கும். நான் அதைக் கேட்டுக் கேட்டுப் புளித்தது அறுபதுகளில். கடலூரில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, முந்திரி உடைத்துப் பருப்பு விற்க ஆரம்பித்திருந்தேன். வியாபாரத்தில் எனக்கு ஒரு ஈ காக்கையைத் தெரியாது. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்குத் தெரிந்தவர்களும் வாத்தியார்கள். அவர்கள் வீட்டில் பாயசத்துக்கே முந்திரியை எண்ணித்தான் போடுவார்கள்.

ரிக்‌ஷாவில் வந்த முதலாளி

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு பெரிய மிட்டாய்க்கடை. அங்கே பருப்பு கொடுத்தால் நம் சரக்கு நாலு பேருக்குத் தெரியும் என்று, ஒரு டின் நிறைய அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். டின் கனமாக இருந்ததால் ரிக்‌ஷாக்காரர் காசி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கடை வரைக்கும் கூட வந்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், காசியைப் பார்த்தார், நேராகக் காசியிடம் பேச ஆரம்பித்துவிட்டார். “எந்த ஊர் சரக்கு? வறுத்தா கறுக்குமா? மழைக் காலத்துல நமுத்துப் போகுமா?”

காசி முந்திரிப் பருப்பைக் கிட்டத்தில் பார்த்ததே அன்றைக்குத்தான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற மனுஷர். “கடலூர் சரக்குங்க. கறுக்கவே கறுக்காதுங்க. நமுக்கிறதாவது, நல்லாக் கேட்டீங்களே!” என்று அள்ளிவிட்டார். எனக்கு முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. பிறகு பார்த்தால் என்னைவிட அவர் பிரமாதமாக விற்றுக்கொண்டிருந்தார். நடுவில் புகுந்து கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆர்டர் கிடைத்தது. கடைக்காரர் காசிக்கு ஒரு கும்பிடு போட்டுச் சொன்னார்: “பருப்பு ஒசத்தியா இருக்கு முதலாளி. கூட வந்த அம்மா வெயில்ல நிக்கிறாங்க பாருங்க, உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க.”

ஒரே தட்டில் கை

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் ஜுலைகா பீவி என்று ஒரு அம்மாள். புருஷர் பினாங்கில் கடை வைத்திருந்தார். வாசல் திரையைத் தாண்டி அந்த அம்மாள் வெளியே வருவது அபூர்வம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அக்காவை லாத்தா என்று கூப்பிடுகிற மாதிரி நானும் லாத்தா என்றே கூப்பிட்டேன். மகள் கல்யாணத்துக்குப் பருப்பு கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஒன்றை வாயில் போட்டு மென்றுகொண்டே, “இது வேற யாருக்கெல்லாம் போவுது?” என்று கேட்டார். சிதம்பரத்தில் ஒரு கடை, அதுவும் ரிக்‌ஷாக்காரர் புண்ணியத்தில் என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. “கல்யாணத்துக்கு வந்துடு. சரக்கை மட்டும் அனுப்பிட்டு வூட்ல இருந்துடாதே” என்றார்.

போனேன். பெண்கள் பக்கத்தில் லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு எத்தனை வேலை இருக்கும்! அவ்வளவுக்கும் நடுவில் என்னை ஒவ்வொருத்தர் பக்கத்திலும் உட்காரவைத்து, “இவுங்க பரங்கிப்பேட்டை, பெருநாளைக்கு ஹல்வா போட்டுக் கப்பலுக்கு அனுப்புறவுங்க. இவுங்க மருமவன் நாகூர்ல கடை” என்று சொல்லி, பிறகு என்னைப் பற்றி அவர்களிடம் இல்லாத பெருமையெல்லாம் சொன்னார். சாப்பாட்டுக்கு சஹன் வந்தது. பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். நானும் கை வைத்தேன். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் அப்புறம் பேரம் பேசும்போது கொஞ்சம் கூச்சப்படுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? அந்தத் தட்டு காலியாவதற்குள் சீசன் முழுக்க உடைத்தாலும் தீராத ஆர்டர் எனக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ வியாபாரிகள் கூட்டம் பார்த்துவிட்டேன், சந்தனம் பூசி மாலை போட்டு. லாத்தாவுக்கு ஈடாக ஒருத்தரையும் சொல்ல மாட்டேன். நன்றி சொல்ல வாயெடுத்தபோது வெற்றிலையை மடித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிக்க சங்கம் வெச்சுப் பலகை மாட்டணும் புள்ள. நமக்கு ஒரு கல்யாணம் போதும்.”

காலிக் கொட்டகை

ஆர்டர் வந்தது, வில்லங்கமும் வந்தது. அதுவரை நான் உள்ளூர் மொத்த வியாபாரி ஒருவரிடம்தான் கொட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். நான் சின்ன ஆளாக இருந்தவரை, “வாம்மா வாம்மா” என்று கொடுத்தார். அவர் கண் வைத்திருந்த பரங்கிப்பேட்டை ஆர்டர் என் கைக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும், “சரக்கு இல்லியே” என்று கையை விரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மூட்டை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பண்ருட்டி மண்டிக்கு நானே போய்க் கொட்டை எடுக்காவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும். கொட்டகையை மூட வேண்டும். அதை நம்பி இருந்த பெண்களுக்கு அந்த சீசனில் வேறு வேலை கிடைக்காது.

முந்திரி உடைத்தால் தோட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். அதற்காக எல்லாரும் சாம்பல் பூசிக்கொள்வார்கள். அன்றைக்குக் கொட்டகையில் உடைக்க ஒரு கொட்டை இல்லை. ஆனாலும் என்னிடம் கொட்டை உடைக்கிற முனியம்மா பழக்க தோஷத்தில் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்க முடியவில்லை எனக்கு. எரிச்சல் இல்லாமல் இன்றைக்காவது கைக்கு ஓய்வு என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “கொட்டை வந்தா கை எரியுது, வரலேன்னா வவுறு எரியுது. கை எரிஞ்சா பரவால்லம்மா.”

துண்டுக்குள் விலை

பண்ருட்டி மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கை குலுக்குகிற மாதிரி பிடித்துக்கொள்ள, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே விரலைப் பிடித்து, அழுத்தி, மடக்கி விலை பேசுவார்கள். முகத்தைப் பார்த்தால் ரெண்டு பேரும் மழை வருமா என்று யோசிக்கிற மாதிரி இருக்கும். தரகர் நடுவில் கைவிட்டுப் பார்த்து முடித்துவைப்பார்.

நான் போய் நின்றதும் மண்டியே கொஞ்சம் நெளிந்தது. தரகர் கோவிந்தன் கெட்டவர் இல்லை, பாவம். அந்நியப் பெண்பிள்ளை கையைத் துண்டுக்குள் எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு வேர்த்துவிட்டது. வாயாலேயே விலை சொல்கிறேன் என்றேன். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வாயால சொன்னா சந்தை கெட்டுப்பூடும்மா. போயி உங்க வூட்டுக்காரரை அழைச்சிக்கினு வாங்க.”

வாத்தியார் சிரித்த சிரிப்பு

அழைத்துக்கொண்டு போனேன். அதற்கு முன்னால் அவர் கோவிந்தனிடம் டீக்கடையில் உட்கார்ந்து, எந்த விரலுக்கு எவ்வளவு என்று பாடம் கேட்டுக்கொண்டு வந்தார். சாயங்காலமானால் என் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே பூத்துவாலையைப் போட்டு, ஒப்பித்துப் பார்ப்பார். நான் தப்புச் சொல்வேன், திருத்துவார். ஒரு தப்பும் இல்லாமல் ரெண்டு பேருக்கும் பாடமாகிவிட்டது. மனுஷர் எனக்காக லீவு போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியில் வந்து நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் ரெண்டு பேரும் மறந்துவிட்டோம். அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி. அந்நியர் யாராவது கையைத் தொட்டால் உள்ளங்கால் வரைக்கும் கூசும். மாட்டு வண்டியில் கொட்டை கொண்டுவந்திருந்த ஒரு விவசாயி துண்டுக்குள் கைவிட்டு நடுவிரலை லேசாகச் சுரண்டினார். அவ்வளவுதான்! எங்கள் வீட்டுக்காரர் “ஹிஹிஹி” என்று துள்ளிவிட்டார். அடக்க அடக்கச் சிரிப்பு ஜாஸ்தியானது. விவசாயியோ, தான் சொன்ன விலையைக் கேட்டு இவர் கேலி செய்கிறார் என்று நினைத்து, துண்டை உதறிவிட்டுக் கத்தினார்: “எங்கூட்டுக் கொட்டையப் பாத்தா ஒனக்கு சிரிப்பா வருதா வாத்தியாரே?”

அஞ்சலை இறங்கி வந்தாள்

அதற்குப் பிறகு எங்களிடம் கை கொடுக்க யாரும் வரவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். நான் நடு மண்டியில் நின்றேன். முனியம்மாவின் சாம்பல் கைதான் கண்முன்னால் நின்றது. அழுதுவிடுவேன் போல இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்போதுதான் அந்த விவசாயியின் வண்டியிலிருந்து அவர் பெண்சாதி அஞ்சலை இறங்கி வந்தாள். வண்டியிலேயே உட்கார்ந்து, முந்திரிப் பழத்திலிருந்து கொட்டையைத் திருகித் திருகிப் போட்டுக்கொண்டிருந்தவள். கையெல்லாம் பழச்சாறு. “இன்னாம்மா, கொட்டை வோணுமா வோணாமா?” என்றாள். “வேணும், ஆனா துண்டுக்கு நான் எங்கே போவேன்?” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் என்ன ஏது என்று யோசிப்பதற்குள், என் சின்னாளப்பட்டுச் சேலையின் முந்தானையைப் பிடித்து இழுத்து, ரெண்டு பேர் கை மேலும் போட்டு மூடினாள். உள்ளே பிசுபிசுவென்று அவள் விரல் என் விரலைப் பிடித்து, அழுத்தமாக ஒரு விலை சொன்னது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உனக்கு எப்படி இதெல்லாம்?” என்றேன். “மண்டிக்கு வர்றதுக்கு மின்ன எங்கூட்டாளு எங்கையிலதான பழவுறாரு” என்றாள். ரெண்டு பேருக்கும் புருஷன்தான் வாத்தியார்! நான் ஒரு விரலை மடக்கினேன், அவள் நிமிர்த்தினாள், நான் பாதிக்கு மடக்கினேன். முடிந்தது. அஞ்சலை புருஷனைத் திரும்பிப் பார்த்து, சத்தமாகச் சொன்னாள்: “நீ பேசுனதுக்கு மேலயே வாங்கிட்டன், மூட்டையை எறக்கு!”

கோவிந்தனின் விண்ணப்பம்

மூட்டை கொட்டகைக்கு வந்தது, முனியம்மாவின் கைக்கு வேலை வந்தது, பரங்கிப்பேட்டைக்குப் பருப்பு போனது. அடுத்த சந்தைக்குப் போனால் அஞ்சலை தனியாக இல்லை. அவள் ஊர்ப் பெண்கள் வண்டியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் விரல் பாடம் தெரிந்திருந்தது, எல்லாருமே புருஷனிடம் படித்தது. ஓ.டி.யில் ஒரு கல்யாணத்தில் கிடைத்த மாதிரி இங்கே ஒரு முந்தானைக்குள் எனக்கு ஒரு ஊரே கிடைத்தது. அவர்கள் தைரியம் மட்டும் இல்லையென்றால் என் கொட்டகை அந்த வருஷமே மூடியிருக்கும். இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

தரகர் கோவிந்தன்தான் தவித்துப்போனார். முந்தானைக்குள் அவர் எப்படிக் கைவிடுவார்? விலை தெரியாமல் தரகு எப்படிக் கேட்பார்? மண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், துண்டைத் தோள் மாற்றித் தோள் போட்டார். கடைசியில் என் பக்கத்தில் வந்து, காதில் விழுகிற மாதிரி மட்டும் மெதுவாகச் சொன்னார்: “அடுத்த சந்தைக்கு எம் பொஞ்சாதியை அழைச்சிக்கினு வர்றேம்மா, அவளையும் சேத்துக்குங்க.”

முந்திரிப் பழக் கறை எத்தனை வெளுத்தாலும் போகாது என்பதால், வியாபாரத்தில் எனக்குக் கை கொடுத்தவர்கள் யார் யார் என்று கேட்பவர்களுக்கு அந்தச் சின்னாளப்பட்டு முந்தானையைத்தான் இன்றைக்கும் பிரித்துக் காட்டுகிறேன்.