என் மகளைத் தர மறுத்தவர்

போன வருடம் பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டதும், அலுவலக வேலையாக அமெரிக்கா போயிருந்த கணவரிடம் நானும் மகளும் சென்றிருந்தோம். அவளுடைய பத்தாவது பிறந்த நாள் அங்கேதான் வந்தது. "கடலும் இருக்கணும், கோட்டையும் இருக்கணும்" என்று கேட்டாள். கரீபியன் கடலோரத்தில், கொலம்பியா நாட்டில் இருக்கும் கார்த்தஹேனா என்ற பழைய நகரத்துக்குக் கிளம்பினோம்.

பெரிய மதிலுக்குள் குறுகலான தெருக்கள், மஞ்சளும் நீலமுமாக வீடுகள். வெயில் மட்டும் நம் ஊர் வெயில்தான்.

"இம்மாந்தூரம் பிளைட்டு புடிச்சு வந்தும் நம்ம வீட்டாண்ட குமணன்சாவடி சிக்னல்ல நிக்கிற மாதிரியே கீது" என்றார் கணவர்.

"பர்த்டே அன்னிக்குக்கூட கடி ஜோக்காப்பா?" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாலையில் ஒரு சதுக்கத்தில் மேளம் அடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் வீடியோ எடுத்தேன். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தபோதுதான் திரும்பினேன். கணவர் இளநீரோடு வந்துகொண்டிருந்தார். கூட யாரும் இல்லை.

"பாப்பா எங்க?"

"உன்கிட்டதானே நின்னுது?"

அவள் பெயரைக் கத்தினேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சந்து சந்தாக ஓடினோம். யாரைக் கேட்பது, எந்த மொழியில் கேட்பது? கடல் பக்கம் போயிருப்பாளோ, யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்களோ? நினைக்கக் கூடாததையெல்லாம் மனம் நினைத்தது.

மதில் வாசலருகே, தலையில் கூடை வைத்துப் பழம் விற்கும் பெண் ஒருவருடன் அவள் நின்றிருந்தாள். பாய்ந்து போய் அள்ளப் பார்த்தேன். அந்தப் பெண்ணோ அவளைச் சட்டென்று தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அழுதேன், நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் விடவில்லை. அவர் போட்ட சத்தம் கேட்டு ஒரு பெண் போலீஸ் வந்துவிட்டார். மகளோ எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல், உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவர்களின் சந்தேகம் இன்னும் கூடியது.

பாஸ்போர்ட்டுகள் ஓட்டல் அறையில் இருந்தன. கணவர் தன் ஆபீஸ் போனில் இருந்த முதல் பக்கப் படங்களைக் காட்டினார். அதுவே வினையானது. மகளின் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். கணவர் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பா பெயர். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். நமக்கு அது வெறும் இனிஷியல். அந்தப் போலீஸ் பெண்ணுக்கு மூன்று பேரும் மூன்று குடும்பம். போனில் மொழிபெயர்த்துக் கணவர் எவ்வளவோ விளக்கினார். போலீஸ் பெண் நம்பாமல் தலையை ஆட்டிவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தார். எங்கே கூட்டிப் போகப் போகிறார்கள்?

"அம்மான்னு சொல்லுடா கண்ணு!" என்று கெஞ்சினேன்.

"சொல்ல மாட்டேன், போ!" என்று வெடித்தாள். "எவ்ளோ நேரம் தேடுனேன் தெரியுமா? நீ வீடியோவே எடுத்துட்டு இரு! எனக்குப் பர்த்டேவும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

பழக்காரப் பெண்ணின் பிடியிலிருந்து திமிறி வந்து, "நீ ஏன்பா என்னை விட்டுட்டுப் போன?" என்று அப்பாவின் வயிற்றில் மாறி மாறிக் குத்தினாள். பிறகு என் மேல் விழுந்து கேவிக் கேவி அழுதாள்.

போலீஸ் பெண் வாக்கி டாக்கியைத் தாழ்த்தினார். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் இப்படித் திட்டு வாங்குகிறவர்கள் யாராக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டது. பழக்காரப் பெண் சிரித்தபடி ஒரு மாம்பழத் துண்டை மகள் கையில் வைத்தார். அப்படியும் போலீஸ் பெண் ஓட்டல் வரை கூடவே வந்து, மகளின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரையும் பார்த்த பிறகுதான் போனார்.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் கூட்டம் என்றால் அவள் மணிக்கட்டை நான் விடுவதில்லை. "கை வலிக்குதும்மா" என்கிறாள். அந்தப் பழக்காரப் பெண் மேல் அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அழுதுகொண்டு ஓடிவந்து 'என் குழந்தை' என்று கை நீட்டியது நானாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம், அவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.