குப்புறக் கவிழ்த்த ஐந்து பொத்தான்

டிவி ரிப்பேர்க்காரருக்கு எதையும் முகம் பார்த்துப் பழக்கமில்லை. எந்த டிவி வந்தாலும் குப்புறப் போட்டு முதுகைத்தான் திறப்பார். பக்கவாதத்தில் மனைவிக்குப் பேச்சு நின்றபோதும் கை அந்த வழியிலேயே போனது. மாடியில் படுத்திருப்பவள் அழுத்தினால் கீழே கடையில் தன் போனில் செய்தி வருகிற மாதிரி ஒரு குட்டிக் கீபோர்டு செய்ய உட்கார்ந்தார். கட்டைவிரல் அளவு மைக்ரோகன்ட்ரோலர் சிப்பு, பழைய போன் பேட்டரி, ஒரே வரிசையில் ஐந்து பொத்தான். கவிழ்த்து வைத்தே சால்டர் வைத்தார், கவிழ்த்து வைத்தே கம்பியால் தொட்டுச் சோதித்தார். ஐந்து செய்தியும் வரிசைப்படி போனில் வந்தன. அப்புறம் நிமிர்த்தி, இடமிருந்து வலமாக ஸ்டிக்கர் ஒட்டினார்: வாங்க, வலி, தண்ணி, லைட்டு, போங்க. கடைசிப் பொத்தான் எதற்கு என்றால், பார்க்க வந்தவர்கள் லேசில் எழுந்திருக்காத வீடு அது.

அன்று பிடித்தது குழப்பம். பட்டப்பகலில் 'லைட்டு' என்று போனில் வரும். ஓடிப்போய்ப் போடுவார். அவள் முகத்தைச் சுளிப்பாள். அணைத்தால் மறுபடியும் 'லைட்டு'. தண்ணி என்றால் மட்டும் தண்ணிதான், மடக்மடக்கென்று குடிப்பாள். அதுதான் மனுஷனை இன்னும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது. மற்ற நேரமெல்லாம் 'போங்க'. கடையில் இருந்தாலும் போங்க, அறை வாசலில் நின்றாலும் போங்க. போனைப் பார்ப்பார், நொந்துபோய் இறங்கிவிடுவார்.

மச்சினி தீர்ப்பே சொல்லிவிட்டாள். "அக்காவுக்குப் புத்தி கலங்கிடுச்சு மாமா. வீட்ல வெச்சுப் பாக்க முடியாது. பராமரிப்பு இல்லத்துல பேசிட்டேன், நாளைக்கு வண்டி வருது."

அவர் போனில் வரிசையாக நின்ற 'போங்க'வையே பார்த்தார். புருஷனையே போ என்கிறவளை எதைச் சொல்லி நிறுத்தி வைப்பது?

மறுநாள் காலை மாடியேறி, போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "என்னைப் பாத்தாலே போங்க போங்கங்கிறியேம்மா. நான் என்ன பண்ணேன்?"

அவள் படித்தாள். திருதிருவென்று முழித்தாள். வாங்க என்று எழுதியிருந்த பொத்தானை, அவர் பார்க்கப் பார்க்க, இடது கையால் அழுத்தினாள். போனில் 'போங்க' என்று வந்தது.

இருவரும் கீபோர்டையே பார்த்தார்கள். பிறகு அவள் அதை மெல்ல எடுத்துக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா அவர் லட்சணம்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முதுகில் இடது, முன்னால் வலது. நடுவில் இருந்த தண்ணி மட்டும் தப்பித்திருந்தது. போனில் பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தார். போங்க, லைட்டு, லைட்டு, போங்க, போங்க.

"வலிக்குதுன்னுதான் கூப்பிட்டியா? நான் லைட்டைப் போட்டுட்டு இறங்கிட்டேனேம்மா." அழுதுகொண்டே ஸ்டிக்கர்களைப் பிய்த்து இடம் மாற்றி ஒட்டினார்.

மச்சினி உள்ளே வந்தாள். "வண்டி நிக்குது மாமா. அக்கா துணியெல்லாம் எடுத்தாச்சா?"

மனைவி தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். 'போங்க.'

"பாத்தீங்களா, மறுபடியும் உங்களைத்தான்," என்றாள் மச்சினி, போனை எட்டிப் பார்த்து.

"என்னை இல்லம்மா," என்றார் அவர். இந்தத் தடவை போனை அல்ல, மனைவியின் கண்ணைப் பார்த்திருந்தார். "உன்னைச் சொல்றா. பொத்தான்ல 'போ' இல்ல, மரியாதையா 'போங்க' ஒண்ணுதான் இருக்கு, கோவிச்சுக்காத."

வண்டியைத் திருப்பி அனுப்பக் கீழே போகலாம் என்று எழுந்து வாசல்வரை வந்தார். போன் ஒலித்தது. 'வாங்க.'

வண்டியை மச்சினியே அனுப்பிக்கொள்ளட்டும் என்று அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.