பதினொரு நாற்காலிகள்

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரத்தில், ஹேல்ஸ் குடும்பத்து மாளிகையின் பெரிய கூடத்தில் நோரீன் பாஸ்கோ பதினெட்டு வருஷம் காவலுக்கு நின்றாள். நின்றாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரில் பதினாலு ஓவியங்கள், கீழே பதினொரு நாற்காலிகள். தினமும் காலையில் தோட்டத்துப் பைன் மரத்தடியில் காய்ந்த, முள்முள்ளான காய்களைப் பொறுக்கி வந்து நாற்காலிக்கு ஒன்றாக வைப்பாள். மாளிகையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மறந்துபோய் உட்கார்ந்துவிடக் கூடாது. அந்தச் சட்டம் அவளுக்கும் சேர்த்துத்தான்.

எந்த ஓவியம் யார் தீட்டியது, எந்த வருஷம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். யாரும் கேட்க மாட்டார்கள். கழிப்பறை எங்கே என்பார்கள், முதலாளி இன்னும் இங்கேதான் இருக்கிறாரா என்பார்கள். இரண்டுக்கும் கையைத் தூக்கி மாடியைக் காட்டுவாள்.

முழங்கால் ஒத்துழைக்காமல் போனபின் வேலையை விட்டாள். கடைசி நாள் கூட்டம் கலைந்ததும் முதலாளி ரஸ்ஸல் ஹேல்ஸ் இறங்கி வந்து, நீலப் பட்டு நாற்காலியிலிருந்த காயைக் கையில் எடுத்தார்.

"இன்னிக்காவது உக்காருங்க, நோரீன்."

உட்கார்ந்தாள். நெளிந்தாள்.

"என்னங்க இது, முதுகுல முட்டுது?"

"முட்டத்தான் செய்யும். விருந்தாளிங்க சீக்கிரம் கிளம்பணும்னு எங்க தாத்தா சொல்லிச் செஞ்சது. பதினொண்ணும் அப்படித்தான். வீட்ல ஒருத்தரும் உக்கார மாட்டோம்."

நோரீன் எழுந்தாள். அவர் கையிலிருந்த காயை வாங்கிப் பழக்கதோஷத்தில் மறுபடி நாற்காலியில் வைத்தாள். வைத்துவிட்டு அதையே பார்த்தாள்.

"அப்போ எதுக்கு என்னைத் தினம் குனிஞ்சு காய் பொறுக்க விட்டீங்க? ஒரு தடவை உக்காந்தவன் தானா எந்திரிச்சிருப்பானே."