மாப்பிள்ளை பார்த்த பல்

ஜெர்மனியில் மூக்கை உறிஞ்சக் கூடாது. சிந்தலாம். டிராமிலோ, அலுவலகக் கூட்டத்திலோ, சாப்பாட்டு மேசையிலோகூட எக்காளம் ஊதுகிற மாதிரி சிந்திவிட்டு, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நம் ஊர்ப் பந்தியில் அப்படிச் செய்தால் பக்கத்து இலைக்காரர் எழுந்து போய்விடுவார். இது தெரியாமல் போன குளிர்காலத்தில் டிராமில் உறிஞ்சிக்கொண்டே போனேன். எதிரில் இருந்த அம்மாள் 'தாஷன்டூக்' என்கிற காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டினார். என்ன நல்ல மனசு என்று நன்றி சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் முறைத்தபடி இன்னொன்றை நீட்டினார்.

எனக்கு வலது மூக்கு மட்டும்தான் ஒழுகியது. குனிந்தால் கண்ணுக்குக் கீழே கனத்தது. கூடவே ஒரு கெட்ட வாடை, அதுவும் எனக்கு மட்டும். பெண்ணாடத்துக் கரும்பாலை வாடையில் வளர்ந்த மூக்கு லேசில் சுளிக்காது; அதுவே தாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவி பிடித்தேன், மிளகு ரசம் குடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மூக்கு மருத்துவர் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் சைனஸ் அறையை ஒட்டி நிற்கிறது, வேர் நுனியில் தங்கிய கிருமி மேலே ஏறியிருக்கிறது என்றார். "இந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தது யார்?" என்று கேட்டார்.

செய்தது என் தங்கையின் கணவர். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் வண்டியைச் சர்வீஸுக்கு விடுவதுபோல் பல்லையும் கண்ணையும் ஒரே மாதத்தில் சரிபார்த்துக்கொண்டு வருவோம். மாப்பிள்ளை அப்போதுதான் சிதம்பரத்தில் சொந்தமாகக் கிளினிக் திறந்திருந்தார். முதல் ஆளாக நானே போய் உட்கார்ந்தேன். பொறுமையாகத்தான் செய்தார். வலியே இல்லை என்று சேத்தியாத்தோப்பிலும் பண்ருட்டியிலும் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லி அனுப்பியதும் நான்தான். அந்தப் பல்லே கெட்டது என்று தெரிந்தால் அவர்கள் அவரிடம் வாய் திறப்பார்களா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதனால் ஸ்கேனுக்கு வெகு முன்பே அந்தப் பல்மேல் சந்தேகம் வந்தும் வீட்டில் மூச்சு விடவில்லை. அம்மா போனில் "என்னாடா குரலு கம்மிக் கெடக்கு?" என்று கேட்டபோதெல்லாம் பனியின் மேல் பழியைப் போட்டேன்.

மருத்துவரிடமும் அவசரமாகச் சொன்னேன்: "அவர் நல்லவர். கெட்டிக்காரர். என் தங்கையை நன்றாக வைத்திருக்கிறார்." அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "சந்தோஷம். அவரிடம் பழைய எக்ஸ்ரே இருக்குமா என்று கேட்கத்தான் வந்தேன். இது யார் கையிலும் நடக்கக்கூடியது" என்றார்.

எக்ஸ்ரே வேண்டுமென்றால் கேட்டுத்தானே ஆகவேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். மூக்கு ஒழுகியதிலிருந்து ஸ்கேன் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தினி நாளா மச்சான் இது?"

"மூணு மாசமா இருக்கும், மாப்ள. ஒங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"சேர்ல உக்கார வச்சப்பவே வலிச்சா கைய தூக்குங்கன்னு சொன்னேன். அங்க போயிட்டா தூக்கக் கூடாதுன்னா சொன்னேன்? கிளினிக் பேரு போனா போவுது. வேற ஆளா நெனச்சிட்டீங்களே, அதான் ஜாஸ்தி வலிக்குது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரை ஒதுக்கி வைத்திருந்தேன். அன்றைக்கே எக்ஸ்ரே வந்தது. இங்கே பல் மருத்துவர் வேரைத் திரும்பத் திறந்து சுத்தம் செய்வதாகச் சொன்னதும், மாப்பிள்ளை அவரிடம் பேசியே தீரவேண்டும் என்றார்.

பல்லைத் திறந்த அன்று காலையில் நர்ஸ் என் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெர்மன் வாடை அடிக்கும் ஒரு ஆங்கிலமும் சிதம்பரத்து ஆங்கிலமும் என் கடைவாய்ப் பல்லைப் பற்றி மரியாதையாகப் பேசிக்கொண்டன. பின்னால் தங்கையின் குரல், "அண்ணன் பயப்படுதா?" என்றது. "மச்சான், அந்த மூணாவது வேரு வளைஞ்சிருக்குன்னு அவுருக்கு நல்லா புரியிற மாதிரி சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. அதே நேரம் மருத்துவர் குனிந்து, உங்கள் தங்கை கணவர் என்ன சொல்கிறார் என்று ஜெர்மனில் கேட்டார். பாதிக் கன்னம் மரத்து, வாயில் கிளிப் மாட்டிக் கிடந்த நான், இரண்டு பேருக்கும் சேர்த்து "ஆ" என்றேன்.